பெயர் இல்லாத ஐந்து வரிகள்

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு என் மனைவி எனக்கு போன் செய்தாள்.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? அரை மணி நேரத்துக்கு முன்புதான் அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பியிருந்தாள். தலைகூடச் சரியாக வாராமல். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் செல்வி தலை வாராமல் வாசல் தாண்டி நான் பார்த்ததில்லை.

"ஏங்க, பிரஸ்ஸில இருக்க சின்ன ஜெனரேட்டர் ஓடுற நிலையில இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"அதைத் தூக்கிட்டு எட்டு மணிக்குள்ள காலேஜுக்கு வந்துருங்க. டீசல் ஒரு கேன் சேத்து எடுத்துக்கோங்க."

"இன்னைக்கு ஷட்டவுனாச்சே செல்வி. ஒன்பது மணிக்கு கரண்ட் போயிரும். எனக்கு டிசைன் செக்‌ஷன் அதுலதான் ஓடணும். பதினோரு மணிக்கு சாத்தூர் பார்ட்டி வேற..."

"டிசைன் செக்‌ஷனுக்கு லீவு விடுங்க."

வைத்துவிட்டாள்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குச் செல்வியைத் தெரியும். என் காபியில் சர்க்கரையை ஒழித்தவள், என் பழைய சட்டைகளைக் கேட்காமலே தானம் செய்தவள் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். அவளுடைய வேலையைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட எழுதியதில்லை. ஏன் என்றால்... அந்த வேலை எனக்குப் புரிந்ததே இல்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ். அங்கே ஒரு அறை. அந்த அறையில் நாற்பது கம்ப்யூட்டர்களை அடுக்கி, ஒன்றோடு ஒன்றைக் கோத்து, ஒரே பெரிய கம்ப்யூட்டர் மாதிரி வேலை வாங்குகிறார்கள். அதற்கு கிளஸ்டர் என்று பெயர். அதைப் பார்த்துக்கொள்வது செல்வி. அறை முழுக்க ஏ.சி. வெளியே வைகாசி வெயில் மண்டையைப் பிளக்கும்போது, ஹேண்ட்பேக்கில் ஸ்வெட்டர் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற ஒரே பெண் இந்த மாவட்டத்தில் இவளாகத்தான் இருக்க வேண்டும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் டிப்ளமோவை வைத்துக்கொண்டு லேப் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்தாள். இன்றைக்கும் கான்ட்ராக்ட்தான். வருடா வருடம் கையெழுத்துப் போட வேண்டும்.

சரி, ஜெனரேட்டருக்கு வருவோம்.

எங்கள் அச்சகத்தின் லோடு ஆட்டோவை ஓட்டுவது கருப்பசாமி. என்னோடு பத்தாம் வகுப்பு படித்தவன். ஜெனரேட்டரை ஏற்றிக் கட்டிவிட்டு, "பைய ஓட்டுலே, அது பழசு" என்றேன். "ஏலே, பட்டாசு லோடுக்குக் கூட நீ இம்புட்டு பயந்ததில்லையே" என்றான். பயம் ஜெனரேட்டருக்காக இல்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது? நேரமாகிவிட்டால் செல்வி என்ன சொல்வாள் என்ற பயம்.

ஏழே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். செல்வி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஸ்கிரீனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலேஜ் டீன். மதுரைக்காரர், நல்ல மனுஷன், எதற்கும் சீக்கிரம் பதறிவிடுவார். எலக்ட்ரீஷியன் எங்கள் ஜெனரேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டு மெஷின், ஒரு ஏ.சி. அம்புட்டுதான் இழுக்கும் மேடம்."

நாற்பதில் இரண்டு.

விஷயம் இதுதான். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இந்த காலேஜுக்குப் புதிதல்ல. காலேஜின் பெரிய ஜெனரேட்டர் சமாளித்துவிடும். ஆனால் முதல் நாள் சாயங்காலம் அது மக்கர் செய்துவிட்டது. மாற்ற வேண்டிய பார்ட் மதுரையிலிருந்து வர வேண்டும். வர மதியமாகும்.

"எல்லாத்தையும் கேன்சல் பண்ணி, எல்லாத்தையும் ஆஃப் பண்ணிருங்க செல்விம்மா. வேற வழியில்ல" என்றார் டீன்.

"எல்லாத்தையும்னா எதை எதை சார்?" என்று கேட்டாள் செல்வி.

இங்கே கொஞ்சம் நிறுத்தி நான் புரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிரஸ்ஸிலும் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஜாப் என்றுதான் பெயர். நோட்டு அட்டை ஒரு ஜாப், பட்டாசுப் பெட்டி லேபிள் ஒரு ஜாப். கிளஸ்டரிலும் அதே சொல். ஆராய்ச்சி செய்கிறவர்கள் தங்கள் கணக்கை ஒரு ஜாபாக எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். மெஷின் காலியாகும்போது அது தானாக ஆரம்பித்து ஓடும். ஆறு மணி நேரமும் ஓடும், ஆறு நாளும் ஓடும். காலியாகவில்லை என்றால் வரிசையில் நிற்கும். ரேஷன் கடை மாதிரி.

செல்வி ஒரு வரி டைப் செய்தாள். ஸ்கிரீன் முழுக்க எழுத்துகள் கடகடவென்று ஓடின. நிற்கவே இல்லை.

"எத்தனைம்மா இது?" டீனின் குரல் இறங்கிவிட்டது.

"இருநூத்தி மூணு சார்."

"இம்புட்டையும் எப்படிப் பாக்குறது? மணி எட்டாகப் போகுது."

"எல்லாத்தையும் பாக்க வேண்டாம் சார். வேணுங்கிறதை மட்டும் வரச் சொல்லுவோம்."

இன்னொரு வரி. பட்டியல் சட்டென்று சுருங்கியது. முப்பத்துநான்கு.

"மத்ததெல்லாம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. வரிசையில நிக்குது. கரண்ட் வந்தப்புறம் நின்ன இடத்துலயே நிக்கும், ஒண்ணும் ஆகாது. ஆனா முதல்ல வாசலை அடைச்சிருவோம். இல்லேன்னா நான் ஒண்ணை நிறுத்துற நேரத்துல, வரிசையில நிக்கிறது உள்ள வந்து உக்காந்துரும்."

வாசலை அடைத்தாள். அதற்கும் ஒரு வரிதான்.

இன்னொரு வரி. இப்போது நான்கு.

"இது என்ன?" என்றேன். எனக்கும் ஆர்வம் வந்துவிட்டது.

"சில ஜாப் நடுநடுவுல தன்னைத்தானே சேவ் பண்ணிக்கும்ங்க. நிறுத்தினாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும். அப்படிப்பட்டதுக்கு ஒரு அடையாளம் போட்டுத்தான் அனுப்பணும்னு போன வருஷம் ஒரு ரூல் போட்டேன். அந்த அடையாளம் இருக்க முப்பதையும் விலக்கிட்டேன். இந்த நாலுதான் நிறுத்தினா மொத்தமும் போயிரும்."

அந்த ரூலுக்காக அவள் வாங்கிய திட்டு எனக்கு நினைவு வந்தது. எதற்கு இந்த வேண்டாத வேலை என்று மெயில் மேல் மெயில் வந்ததாகப் போன வருடம் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டே ம்... ம்... என்றேன்.

டீன் முகத்தில் ரத்தம் திரும்பியது. "நாலுல ரெண்டு. அவ்வளவுதானே? முடிச்சிருவோம்."

செல்வி கையை கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டாள்.

"ஒரு நிமிஷம் சார். விலக்கி வச்ச முப்பதையும் ஒரு தடவை பாத்துக்கிறேன்."

"அதான் தொடரும்னு சொன்னீங்களே?"

"தொடரும்னு அவுக எழுதிக் குடுத்துருக்காக. நான் பாக்கலையே."

முப்பதையும் வரவழைத்தாள். அதிக நேரமாக ஓடுவது மேலே வருகிற மாதிரி அடுக்கினாள். முதல் வரியிலேயே அவள் விரல் நின்றது. ஒன்பது நாள், நான்கு மணி நேரம். இரண்டாவது வரியில் இருந்ததோ ஒன்றரை நாள்தான்.

"அடையாளம் போட்ட ஜாபெல்லாம் ரெண்டு நாளைக்கு மேல ஓடாதுங்க. துண்டு துண்டா ஓட்டுவாக. இது மட்டும் ஒன்பது நாளா ஒரே மூச்சா ஓடுதுன்னா..."

போனை எடுத்தாள்.

அந்த ஜாப் மகேஸ்வரியுடையது. ஆராய்ச்சி மாணவி, ஊர் அச்சங்குளம். பட்டாசுக் கம்பெனியில் ஒரு அறையில் தீப்பிடித்தால் வெப்பம் எந்த வழியாக அடுத்த அறைக்குப் போகிறது, கதவு எந்தப் பக்கம் இருந்தால் உள்ளே இருப்பவர் வெளியே வர நேரம் கிடைக்கும்... இதைக் கணக்குப் போடுவதுதான் அவள் ஆராய்ச்சி. அவள் அப்பா இடது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டுதான் யாரோடும் பேசுவார். அதைப் பார்த்தவர்கள் ஏன் இந்த ஆராய்ச்சி என்று அவளிடம் கேட்க மாட்டார்கள்.

ஸ்பீக்கரில் போட்டாள்.

"மகேசு, உன் பெரிய ஜாப் நடுவுல சேவ் ஆகுமா?"

"ஆகாதுக்கா. அது ஒரே ஓட்டம். இன்னும் பதினாலு மணி நேரம் போனா முடிஞ்சிரும். ஏன்க்கா?"

"பின்ன சேவ் ஆகும்னு ஏன் அடையாளம் போட்டுருக்கே?"

அந்தப் பக்கம் லேப்டாப்பைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஃப்ரெண்டு எழுதினதைக் காப்பி பண்ணினேன்க்கா. அந்த வரியைப் பாக்கலை" என்றாள்.

"சரி, கிளம்பி வா."

அதட்டவில்லை. உபதேசமும் செய்யவில்லை. நானாக இருந்தால் முதலில் ஒரு பாட்டம் திட்டியிருப்பேன். எங்கள் பிரஸ்ஸில் கேட்டுப் பாருங்கள்.

டீன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்திருந்தது. "நான் சொன்ன மாதிரி அப்பவே கேன்சல் பண்ணியிருந்தா..." என்றார். ஸ்கிரீனில் நான்கு வரி ஐந்து வரியாகியிருந்தது.

இடம் இரண்டுதான்.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு ஒரு சீனியர் பேராசிரியர் உள்ளே வந்தார். காலேஜில் அவருக்கு மரியாதை அதிகம். கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற கமிட்டியிலும் அவர் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். நின்றுகொண்டே பேசினார்.

"செல்வி, என் ஸ்டூடென்ட்டோட ஜாப் ஒண்ணு ஓடுது. ரெண்டு நாளா ஓடுது. கான்ஃபரன்ஸுக்கு ரிசல்ட் அனுப்பணும். ஜெனரேட்டர்ல அதைப் போட்டுருங்க. இன்னொரு இடத்துக்கு யாரை வேணா வச்சுக்கோங்க."

டீன் கூரையைப் பார்த்தார். நான் என் ஜெனரேட்டரைப் பற்றி நினைத்தேன். 'என் ஜெனரேட்டர், அது யாருக்குன்னு நான்தான் சொல்வேன்' என்று ஒரு சினிமாத்தனமான வசனம்கூட வாயில் வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன். மணி எட்டு இருபது.

சரி என்று சொன்னால் வேலை சுலபம். முடியாது என்று சொன்னால்... அடுத்த வருடக் கையெழுத்து. செல்வி இரண்டில் எதையும் சொல்லவில்லை.

"சார், இங்கன வந்து உக்காருங்க" என்று தன் நாற்காலியைக் கொடுத்தாள். குனிந்து ஒரு வரி டைப் செய்தாள். பட்டியல் மறுபடி வந்தது. அதே ஐந்து வரி. ஆனால் அதில் ஒரு பத்தியைக் காணோம்.

பெயர்.

யாருடைய ஜாப் என்பது இல்லை. எந்தத் துறை என்பதும் இல்லை. ஒன்று முதல் ஐந்து வரை எண், பக்கத்தில் எத்தனை நேரம் ஓடியிருக்கிறது என்பது மட்டும். வரிசையைக்கூடக் கலைத்துப் போட்டிருந்தாள்.

"அஞ்சும் நிறுத்தினா மொத்தமும் போயிரும் சார். ரெண்டைத்தான் காப்பாத்த முடியும். எந்த ரெண்டுன்னு நீங்களும் டீன் சாரும் சொல்லுங்க. நான் போடுறேன்."

பேராசிரியர் அவளைப் பார்த்தார். டீனைப் பார்த்தார். பிறகு ஸ்கிரீனைப் பார்த்தார்.

ஐந்து வரி. நாற்பது நிமிடம். ஒன்பது நாள் நான்கு மணி நேரம். ஏழு மணி நேரம். மூன்று நாள். பத்தொன்பது மணி நேரம்.

கோபப்பட்டு எழுந்து போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முப்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்தவர். முன்னால் ஒரு கணக்கை வைத்தால் அதைத் தப்பாகப் போட அவருக்கு மனசு வராது போலிருக்கிறது.

"ரெண்டாவது" என்றார். "ஒன்பது நாளைத் தூக்கிப் போட முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "நாலாவது. மூணு நாள்" என்றார். டீனும் தலையாட்டினார்.

"பேரைக் காட்டட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டுச் செல்வி காட்டினாள்.

ஒன்பது நாள், மகேஸ்வரி. மூன்று நாள், இயற்பியல் துறையில் ஒரு மாணவர். அவர் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தார். இப்படி ஒரு காலைப்பொழுது நடந்துகொண்டிருப்பதே அவருக்குத் தெரியாது.

பேராசிரியரின் மாணவர்? ஏழு மணி நேரம்.

"ரெண்டு நாளா ஓடுதுன்னு சொன்னானே" என்றார் அவர்.

"ரெண்டு நாளைக்கு முன்ன அனுப்பியிருக்காக சார். வரிசையில நின்னுருக்கு. நேத்து ராத்திரிதான் ஓட ஆரம்பிச்சிருக்கு. சாயங்காலம் கரண்ட் வந்ததும் முதல் ஆளா இதை விடுறேன். நாளைக்கு உங்களுக்கு ரிசல்ட் வந்துரும்."

"சரிம்மா" என்றார். அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவர் சொன்ன முதல் 'ம்மா' அதுதான்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகம். தொடரக்கூடிய இருபத்தொன்பதையும், தொடர முடியாத மூன்றையும் நிறுத்த வேண்டும். இரண்டைத் தொடக்கூடாது. கேன்சல் செய்கிற வரியை அடிப்பதற்கு முன்னால், எவையெவை கேன்சலாகப் போகின்றன என்று ஒரு தடவை பட்டியல் எடுத்தாள். முப்பத்திரண்டு எண்கள். அதற்குள் மகேஸ்வரி வந்துவிட்டாள், ஹெல்மெட்டைக் கழற்றாமலே. செல்வி என்னையும் அவளையும் நிறுத்தி, ஒவ்வொரு எண்ணாக வாசிக்கச் சொன்னாள். நான் வாசித்தேன், மகேஸ்வரி தன் எண்ணும் அந்த இயற்பியல் மாணவரின் எண்ணும் இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டே வந்தாள். கடைசி எண்ணுக்கும் இல்லை என்று தலையாட்டிய பிறகுதான் செல்வி என்டர் தட்டினாள்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. நாற்பது ஃபேன்களின் இரைச்சல் அடங்கி, இரண்டின் சத்தம் மட்டும் மிஞ்சியது. ஒன்பது அடித்து இரண்டு நிமிடத்தில் கரண்ட் போனது. யூ.பி.எஸ். அந்த ஒரு நொடியைத் தாங்கிக்கொள்ள, வெளியே வேப்பமரத்தடியில் எங்கள் ஜெனரேட்டர் இருமிக்கொண்டே ஓடியது.

அன்றைக்கு முழுக்க நான் பிரஸ்ஸுக்குப் போகவில்லை. வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டீசல் ஊற்றுகிற ஆளாக உட்கார்ந்துவிட்டேன். சாத்தூர் பார்ட்டிக்கு போன் செய்து நாளைக்கு வரச் சொன்னேன். "ஏன் அண்ணாச்சி, உடம்பு சரியில்லையா?" என்றார். "இல்ல, வீட்டம்மாவுக்கு ஆபீஸ்ல ஒத்தாசைக்கு நிக்கிறேன்" என்றேன். சொல்லும்போதே நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு என்னைக் கடந்துபோன எல்லோரிடமும், கேட்காமலே, இதைச் சொன்னேன். கேன்டீன்காரர் இதையே மூன்று தடவை கேட்க வேண்டியதாயிற்று, பாவம்.

மதுரையிலிருந்து வர வேண்டிய பார்ட் மதியம் வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. கரண்ட் ஐந்து மணிக்கு வர வேண்டியது, ஆறு பத்துக்கு வந்தது. அதுவரை என் கிழ ஜெனரேட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. செல்வி வாசலைத் திறந்துவிட்டாள். முதல் ஆளாகப் பேராசிரியரின் மாணவர், பின்னால் மற்றவர்கள்.

மறுநாள் காலை செல்வியின் போனில் மகேஸ்வரியின் மெசேஜ் வந்திருந்தது. 'முடிஞ்சதுக்கா. எல்லா ஃபைலும் வந்துருச்சு. அப்பா உங்ககிட்ட பேசணுமாம்.' செல்வி படித்தாள். போனை என்னிடம் நீட்டிவிட்டு, தோசையைத் திருப்பிப் போட்டாள்.

அந்தப் பேராசிரியரும் கூப்பிட்டார். நான் கொஞ்சம் பயந்தேன். ஆனால் அவர் கேட்டது வேறு. அவருடைய மாணவர்களுக்கு ஒரு மணி நேரம், பட்டியல் எடுப்பது எப்படி, அதில் எதை எப்படிப் பார்ப்பது என்று ஒரு வகுப்பு எடுக்க முடியுமா என்று. டிப்ளமோ படித்தவள், முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர்களுக்கு வகுப்பு எடுக்கப் போகிறாள். வருகிற வெள்ளிக்கிழமை. கடைசி பெஞ்சில் எனக்கு ஒரு இடம் கேட்டிருக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சாப்பிடும்போது கேட்டேன்.

"பேரை மறைக்கணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு? அவரை நேருக்கு நேர் மறுக்க முடியாதுன்னா?"

செல்வி தோசைக்கல்லில் மாவை ஊற்றினாள்.

"அவுகளுக்காக மறைக்கலைங்க. எனக்காக மறைச்சேன். மகேசு மேல எனக்குப் பிரியம் ஜாஸ்தி. பேரு அங்கன இருந்திருந்தா, அவ ஜாப் நாற்பது நிமிஷம்தான் ஓடியிருந்தாலும் நான் அதைத்தான் காப்பாத்தியிருப்பேன். அது எனக்கே தெரியும். ஒன்பது நாள் யாரோடதுன்னு எனக்குத் தெரியுமே. அதான் பேரை மறைச்சு, நான் தேர்ந்தெடுக்காம அவுககிட்ட விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு இன்னொரு தோசையை என் தட்டில் போட்டாள்.

நம்மில் எத்தனை பேருக்கு அடுத்தவரின் பாரபட்சம் தெரியும்? எல்லோருக்கும். தன்னுடையது எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே தெரிந்து, அதற்கு ஒரு தடுப்பும் போட்டு வைக்கிறவர்கள் எத்தனை பேர்? எனக்குத் தெரிந்து ஒருத்திதான். அவளோடுதான் இத்தனை வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன் என்பது எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது.

வழக்கமாக இந்தப் பத்தியைச் செல்வி படித்த பிறகுதான் அனுப்புவேன். இந்த வாரம் காட்டவில்லை... காட்டினால் பாதியை அடித்துவிடுவாள்.